திரையில் வரைந்த குவில்ட்டைத் துணியில் தைத்து முடிக்கும் முறை

குவில்ட் என்பது துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. குவில்ட் வடிவமைப்பு மென்பொருள் காட்டும் படம், தைத்து முடித்த பிறகு துணி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் படம். அதில் தையல் இல்லை. ஒவ்வொரு துண்டின் எல்லா ஓரங்களிலும் உள்ளே மடிந்து மறையும் கால் அங்குலத் துணி இல்லை. எந்தத் துண்டை எதனோடு முதலில் சேர்ப்பது என்ற வரிசையும் இல்லை. இந்த மூன்றையும் வரையும்போதே மனத்தில் வைத்துக்கொள்பவருக்கு மென்பொருள் பெரும் துணையாக இருக்கும். நிறங்களை மட்டும் பார்த்து வரைபவருக்கோ, பார்க்க அழகாகவும் தைக்கப் பெரும்பாடாகவும் இருக்கும் படங்களே மிஞ்சும். குவில்ட்டில் திரும்பத் திரும்ப வரும் சதுர அலகைப் பிளாக் என்பார்கள். இங்கே ஓஹையோ ஸ்டார் என்ற நட்சத்திர வடிவத்தில் 12 அங்குலப் பிளாக்குகள் இருபதைக் கொண்ட ஒரு குவில்ட்டை எடுத்துக்கொண்டு, முதல் கோடு போடுவதிலிருந்து பார்டர் தைப்பது வரை செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

எந்த மென்பொருள்

குவில்ட்டுக்கென்றே எழுதப்பட்டவற்றுள் பலரும் பயன்படுத்துவது எலக்ட்ரிக் குவில்ட். அதன் எட்டாம் பதிப்பு 2017-இல் வெளிவந்தது. பிளாக்கின் முடிந்த அளவை, அதாவது தைத்து முடித்த பிறகு இருக்கும் அளவைச் சொன்னால், தையலுக்கு விடும் துணியும் சேர்ந்த வெட்டளவுகளையும், துணியை வெட்ட உதவும் காகித மாதிரிகளான அச்சு வார்ப்புகளையும் தானே கணக்கிட்டுத் தருவது இத்தகைய மென்பொருளின் சிறப்பு. பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலை மென்பொருளிலும் முழுக் குவில்ட்டை வடிவமைக்கலாம். ஆனால் அதற்குத் தையலைப் பற்றி எதுவும் தெரியாது என்பதால், தையலுக்கு விடும் துணியை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்க்ஸ்கேப்பில் தொடங்குபவர்கள் முதலில் இரண்டு அமைப்புகளைச் சரிசெய்துவிட வேண்டும். ஆவணத்தின் அளவு அலகை அங்குலமாக மாற்றி, ஓர் அங்குலக் கட்டக்கோடுகளைப் போட்டு, வரையும் புள்ளிகள் அக்கோடுகளில் தாமாக ஒட்டிக்கொள்ளுமாறு அமைப்பது ஒன்று. மற்றொன்று அதிகம் கவனிக்கப்படாதது: ஒரு சதுரத்தின் அளவைக் காட்டும்போது, அதைச் சுற்றியுள்ள கோட்டின் தடிமனையும் சேர்த்தே அம்மென்பொருள் காட்டும். நான்கு அங்குலச் சதுரம் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்பதைக் கண்டு குழம்பாமல், விருப்ப அமைப்புகளில் எல்லைப் பெட்டியை வடிவியல் அளவுக்கு மாற்றிவிட்டால், கோட்டின் தடிமன் கணக்கில் வராது.

பிளாக்கை வரைவது

வரையத் தொடங்குமுன் பிளாக் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது என்பதையும் அதன் முடிந்த அளவையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தீர்மானிக்க வேண்டும். ஓஹையோ ஸ்டார் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்றாகப் பிரியும் பிளாக்: நடுவில் ஒரு சதுரம், மூலைகளில் நான்கு சதுரங்கள், பக்கங்களில் நான்கு நான்கு முக்கோணங்களால் ஆன நான்கு பகுதிகள். 12 அங்குலத்தில் வைத்தால் ஒவ்வொரு பகுதியும் சரியாக 4 அங்குலம். அதே பிளாக்கைத் திரையில் 10 அங்குலமாக மாற்றுவதற்கு ஒரு சொடுக்குப் போதும். ஆனால் ஒரு பகுதி 3 1/3 அங்குலமாகி, வெட்டளவு 3 5/6 அங்குலம் என்று வரும். அந்த அளவு எந்த அளவுகோலிலும் இல்லாததால் மென்பொருள் அதை 3 7/8 என்று முழுமையாக்கித் தரும். மூன்று துண்டுகளைச் சேர்க்கும்போது பிளாக் 1/8 அங்குலம் பெருத்துவிடும். ஐந்தாகப் பிரியும் பிளாக்குக்கு 10 அங்குலமும், ஏழாகப் பிரிவதற்கு 14 அங்குலமும், மூன்று, நான்கு, ஆறாகப் பிரிபவற்றுக்கு 12 அங்குலமும் இயல்பாகப் பொருந்தும். ஒரே குவில்ட்டில் இரண்டு வகைப் பிளாக்குகளைக் கலக்க விரும்புபவர்கள் இந்தப் பொருத்தத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, வரைந்த கோடுகளைத் தையல்களாகப் படிக்க வேண்டும். பிளாக்கின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை வளையாமல் ஓடும் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே கடைசித் தையல். அதன் இருபுறமும் உள்ள பாதிகளில் அதேபோல் அடுத்த கோட்டைத் தேட வேண்டும். இப்படித் தேடிக்கொண்டே போய் ஒற்றைத் துண்டு வரை இறங்க முடிந்தால், அந்த பிளாக்கை நேர்த்தையல்களாலேயே முடித்துவிடலாம். ஓஹையோ ஸ்டாரில் இரண்டு நெடுக்குக் கோடுகளும் இரண்டு குறுக்குக் கோடுகளும் முழு நீளத்துக்கு ஓடுவதால் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்து, எதுவுமே விளிம்பு வரை நேராகப் போகாத இடங்களில், தையலைப் பாதியில் நிறுத்தித் துணியைத் திருப்பி மூலைக்குள் பொருத்தித் தைக்க நேரும். கை பழகியவர்களுக்கு அது தடையல்ல. ஆனால் இருபது பிளாக்குகளிலும் அந்த வேலை தேவையா என்பதை வரையும்போதே முடிவுசெய்வது நல்லது. பெரும்பாலான நேரங்களில் ஒரு சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து ஒரு கோட்டைக் கூட்டினாலே சிக்கல் தீர்ந்துவிடும். ஒரே துணியில் அந்த இரண்டு முக்கோணங்களையும் வெட்டினால் இணைப்பு கண்ணுக்குத் தெரிவதும் குறைவு.

அடுக்கும் நிறமும்

பிளாக்கை அடுக்கிப் பார்ப்பதில்தான் மென்பொருளின் பயன் முழுமையாகத் தெரிகிறது. காகிதத்தில் ஒரு நாள் முழுக்க வரைய வேண்டியதைச் சில நிமிடங்களில் பத்து விதமாக மாற்றிப் பார்க்கலாம்: பிளாக்குகளை நெருக்கி வைத்து, இடையே பட்டை விட்டு, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி, மூலைவாட்டாகச் சாய்த்து. நெருக்கி வைக்கும்போது அண்டை பிளாக்குகளின் மூலைகள் கூடி, தனிப் பிளாக்கில் இல்லாத புதிய உருவங்கள் பிறக்கும். அவை வேண்டுமா வேண்டாமா என்பது வடிவமைப்பவரின் முக்கியமான தீர்மானம். நம் குவில்ட்டில் நட்சத்திரங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதால் 2 அங்குல இடைப்பட்டை வைப்போம். அகலத்தில் நான்கு பிளாக்குகள், மூன்று பட்டைகள். ஆக 54 அங்குலம். நீளத்தில் ஐந்து பிளாக்குகள், நான்கு பட்டைகள்; ஆக 68 அங்குலம். சுற்றிலும் 3 அங்குலப் பார்டர் சேர்த்தால் முடிந்த அளவு 60-க்கு 74 அங்குலம்.

நிறம் தேர்வதற்கு முன்னால் படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நட்சத்திரத்தின் முனை எடுப்பாகத் தெரிவதற்குக் காரணம் சிவப்பும் பச்சையும் அல்ல. ஒன்று அடர்ந்தும் மற்றொன்று வெளிர்ந்தும் இருப்பதே. வண்ணத்தில் பார்க்கும்போது முற்றிலும் வேறாகத் தோன்றும் இரண்டு நிறங்கள் சாம்பல் நிறத்தில் ஒன்றாகிவிட்டால், சிறிது தூரத்திலிருந்து பார்க்கும்போது நட்சத்திரம் பின்னணிக்குள் கரைந்துவிடும். வாங்கி வைத்த துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து இதேபோல் சோதிக்கலாம். திரையின் ஒளி நிறமும் துணியின் சாய நிறமும் ஒருபோதும் முழுதாக ஒத்துப்போவதில்லை என்பதால், இறுதி முடிவைப் பகல் வெளிச்சத்தில் துணியை வைத்தே எடுக்க வேண்டும்.

கையிலுள்ள துணியை ஸ்கேன் செய்து படத்தில் நிரப்புவது மிக நல்ல வழக்கம். ஆனால் அச்சுப்பூவின் அளவு உண்மையாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது துணியின் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துவிட்டு, மென்பொருளில் படத்தைச் சேர்க்கும்போது அளவுகோலின் ஓர் அங்குலம் கட்டக்கோட்டின் ஓர் அங்குலத்தோடு பொருந்துமாறு பெரிதாக்கிக் குறைத்தால் போதும். அப்படிச் செய்யாவிட்டால், உண்மையில் மூன்று அங்குல அகலமுள்ள பூ திரையில் சிறு புள்ளியாகத் தெரிந்து ஏமாற்றும். அந்தப் பூவை 4 அங்குல முக்கோணத்துக்குள் வெட்டும்போது பூவின் ஒரு பகுதி மட்டுமே மிஞ்சும்.

முடிந்த அளவிலிருந்து வெட்டளவுக்கு

மென்பொருள் வெட்டளவுப் பட்டியலைத் தந்தாலும், அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவற்றைச் சரிபார்க்கவும் தேவைக்கேற்ப மாற்றவும் முடியும். சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் முடிந்த அளவோடு அரை அங்குலம் கூட்ட வேண்டும்: 4 அங்குலச் சதுரத்துக்கு 4 1/2. முக்கோணத்தில் மூன்றாவது ஓரத்துக்கும் கால் அங்குலம் விடும்போது கூர்முனைகள் நீள்கின்றன. அதனால் அரை அங்குலம் போதாது. சதுரத்தை ஒரு மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டு முக்கோணங்கள் எடுப்பதாக இருந்தால் முடிந்த அளவோடு 7/8 அங்குலமும், இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு எடுப்பதாக இருந்தால் 1 1/4 அங்குலமும் கூட்ட வேண்டும். துல்லியக் கணக்கில் இவை 0.854, 1.207 என்று வரும். அளவுகோலுக்கு ஏற்பச் சற்று மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டவை.

இந்த இரண்டு வெட்டு முறைகளில் எதை எங்கே பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிப்பது இழையோட்டம். சாய்வாக, அதாவது கிராஸாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். பாவு அல்லது ஊடு நூலுக்கு இணையான ஓரம் நீளாது. பிளாக்கின் வெளி விளிம்பில் கிராஸ் ஓரம் வந்தால் இஸ்திரி போடும்போதே பிளாக் அலையலையாகிவிடும். ஓஹையோ ஸ்டாரின் பக்கவாட்டுப் பகுதிகளில் முக்கோணத்தின் நீண்ட ஓரம் வெளியே வருவதால், அந்த நீண்ட ஓரம் நேர் இழையில் அமையும்படி சதுரத்தை நான்காக வெட்டுகிறோம். மென்பொருளுக்கு இழை தெரியாது; இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அச்சு வார்ப்பை அது திருப்பி வைத்திருந்தால், நேர் இழை அம்பை நாமே வரைந்து கொள்ள வேண்டும்.

நம் பிளாக் ஒன்றுக்கு நடுச்சதுரம் ஒன்றும் மூலைச்சதுரங்கள் நான்கும் 4 1/2 அங்குலத்தில் வேண்டும். நட்சத்திரத் துணியில் இரண்டும் பின்னணித் துணியில் இரண்டும் 5 1/4 அங்குலச் சதுரங்கள் வேண்டும். இந்த 5 1/4-ஐ 5 1/2 ஆக்கிக்கொள்ளும்படி நான் அழுத்திச் சொல்வேன். நான்கு முக்கோணங்களைச் சேர்த்த பிறகு பகுதி சற்றுப் பெரிதாக இருக்கும். சதுர அளவுகோலின் 2 1/4 அங்குலக் குறிகள் இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தையல்கள் குறுக்கிடும் நடுப்புள்ளியின் மேலும், அளவுகோலின் 45 பாகைக் கோட்டை மூலைவிட்டத் தையலின் மேலும் வைத்து, இரு ஓரங்களைச் சீவி, திருப்பி வைத்து மற்ற இரண்டையும் சீவினால் துல்லியமான 4 1/2 அங்குலப் பகுதி கிடைக்கும். கூடுதலாகச் செலவாகும் துணி மிகக் கொஞ்சம். நட்சத்திர முனைகள் மழுங்காமல் நிற்பது இதனால்தான்.

துணி எவ்வளவு வாங்குவது என்பதையும் பட்டைக் கணக்கில், அதாவது துணியின் அகலம் முழுக்க வெட்டும் பட்டைகளாக, ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கரையை நீக்கினால் துணியின் பயன்படும் அகலம் 40 அங்குலம் என்று கொள்ளலாம். பின்னணித் துணியில் 5 1/2 அங்குலச் சதுரங்கள் நாற்பது. ஒரு பட்டையில் ஏழு அடங்கும் என்பதால் ஆறு பட்டைகள், அதாவது 33 அங்குல நீளம். மூலைச்சதுரங்கள் எண்பது, ஒரு பட்டையில் எட்டு என்று பத்துப் பட்டைகள், 45 அங்குலம். மொத்தம் 78 அங்குலம், ஏறத்தாழ 2 மீட்டர். பட்டியலில் உள்ள 5 1/4 அளவை வைத்துப் பரப்பளவை மட்டும் கூட்டினால் 68 அங்குலமே வரும். இந்த வேறுபாடு பட்டையின் முடிவில் மிஞ்சும் துண்டுகளிலும் நாம் கூட்டிய கால் அங்குலத்திலும் இருக்கிறது. துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து 2.25 மீட்டர் வாங்குவது பாதுகாப்பானது. நட்சத்திரத் துணிக்கு இதே கணக்கில் 46 1/2 அங்குலம் வரும், 1.4 மீட்டர் போதும்.

அச்சிடுதல்

வார்ப்புகளையோ காகிதத்தின் மேல் தைக்கும் அச்சுகளையோ எடுக்கும்போது, அச்சுப் பெட்டியில் பக்கத்துக்குப் பொருத்தும் தேர்வை நீக்கி, 100 விழுக்காடு உண்மை அளவில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அங்குலச் சோதனைச் சதுரத்தை வைத்து, அதை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து பாருங்கள். காகிதம் நகரும் திசையில் மட்டும் அளவு மாறும் அச்சுப்பொறிகள் உண்டு. இருபது பிளாக்குகளுக்கான தாள்களையும் ஒரே அச்சுப்பொறியில் எடுப்பது நல்லது.

துணியை அச்சுத்தாளோடு சேர்த்து, அச்சுக்கோட்டின் மேலேயே தைக்கும் முறையில் அந்தத் தாள்தான் காகித அடித்தளம். ஓஹையோ ஸ்டாருக்கு அது தேவையில்லை. திசைகாட்டி போன்ற, ஊசிமுனையாகக் குறுகும் உருவங்களுக்கே அது உதவும். அதில் அச்சுள்ள பக்கத்தில் தைத்து, துணியை மறுபக்கத்தில் வைப்பதால், முடிந்த பிளாக் படத்துக்கு இடவலம் மாறி வரும். எழுத்தோ ஒருபக்கம் சாய்ந்த உருவமோ இருந்தால் திருப்பி அச்சிடும் தேர்வைப் பயன்படுத்த வேண்டும். தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தால் பின்னர் காகிதம் எளிதாகக் கிழியும். மென்பொருள் தானாகப் போடும் எண்வரிசையை விரலால் தொட்டுத் தொட்டு ஒருமுறை தைத்துப் பார்ப்பதுபோல் பின்பற்றுங்கள். எங்காவது ஒரு துண்டு முந்தைய தையலைத் தாண்ட முடியாமல் நின்றால், அந்த இடத்தில் அச்சை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்.

தைப்பது

இருபது பிளாக்குக்கும் வெட்டுவதற்கு முன் இயந்திரத்தின் கால் அங்குலத்தைச் சோதித்தாக வேண்டும். 1 1/2 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்தால் அது சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தையலை ஓரிரு நூல் அளவு விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். துணி தையலின் மேல் மடியும்போது சிறிது இடத்தை விழுங்கிவிடுவதால், அளவுகோலில் சரியாகக் கால் அங்குலம் இருக்கும் தையல்கூட முடிந்த அளவைக் குறைத்துவிடும்.

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நம் குவில்ட்டிலேயே பார்க்கலாம். தையல் 1/32 அங்குலம் மட்டும் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபுறத் துணியும் குறைவதால் ஒரு தையலுக்கு 1/16 அங்குலம் போகும். நான்கு பிளாக்குகள் கொண்ட ஒரு வரிசையில் பிளாக்குகளுக்குள் எட்டும் பட்டைகளோடு சேருமிடத்தில் ஆறும் ஆகப் பதினான்கு தையல்கள். வரிசை 7/8 அங்குலம் குறைந்துவிடும். ஆனால் அதற்குக் கீழே வரும் இடைப்பட்டை வரிசையில் தையல்கள் ஆறே என்பதால் அது 3/8 அங்குலம்தான் குறையும். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றைவிட அரை அங்குலம் நீண்டு நிற்கும். திரையில் அவை இரண்டும் ஒரே நீளம்.

ஆகவே இடைப்பட்டைகளை முதல் நாளே வெட்டி வைக்க வேண்டாம். எல்லா பிளாக்குகளையும் தைத்து முடித்து, ஒவ்வொன்றையும் அளந்து, அவை 12 1/2 அங்குலம் இருந்தால் பட்டியலில் உள்ளபடி 2 1/2-க்கு 12 1/2 அங்குலத்தில் முப்பத்தொரு பட்டைகளையும், பட்டைகள் சந்திக்கும் இடங்களுக்கு 2 1/2 அங்குலத்தில் பன்னிரண்டு சிறு சதுரங்களையும் வெட்டலாம். எல்லாமே ஒரே சீராக 12 3/8 அங்குலத்தில் நின்றால் அதனால் எந்தக் குறையும் இல்லை. மென்பொருளில் பிளாக்கின் முடிந்த அளவை 11 7/8 என்று மாற்றி, புதிய அளவில் பட்டைகளை வெட்டிக்கொள்ளலாம். பிளாக்குக்கு பிளாக் அளவு மாறினால்தான் பிரித்துத் தைக்க வேண்டிவரும்.

தையல் ஓரங்களை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை அடுக்குப் படத்தின் அச்சிலேயே அம்புகளாகக் குறித்துவிடுங்கள். பிளாக்கின் முதல் வரிசையிலும் மூன்றாவது வரிசையிலும் வெளிப்புறச் சதுரங்களை நோக்கியும், நடுவரிசையில் நடுச்சதுரத்தை நோக்கியும் சாய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர்ச் சாய்வுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு முனைகள் தாமாகப் பொருந்தும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கிராஸ் ஓரம் திறந்திருக்கும் நிலையில் இது மிகவும் அவசியம்.

வரிசைகள் எல்லாம் சேர்ந்த பிறகு பார்டருக்கான நீளத்தைத் திரையிலிருந்து எடுக்காமல், தைத்த மேல்துணியிலிருந்து எடுக்க வேண்டும். துணியைத் தட்டையாக விரித்து, ஓரங்களில் அளக்காமல் நடுவில் நெடுக்காக அளவெடுங்கள். ஓரங்கள் கையாளும்போது நீண்டிருக்கக்கூடும். கணக்குப்படி அது 68 1/2 அங்குலம். வந்தது 68 1/4 என்றால் 3 1/2 அங்குல அகலப் பட்டைகள் இரண்டை அந்த 68 1/4 அங்குலத்துக்கே வெட்டி, நடுவையும் இரு முனைகளையும் முதலில் குண்டூசியால் பிணைத்து, இடையில் உள்ளதைச் சீராகப் பரப்பித் தைக்க வேண்டும். பக்கப் பார்டர்கள் சேர்ந்த பிறகு, அவற்றையும் உள்ளடக்கி நடுவில் குறுக்காக அளந்து மேல், கீழ்ப் பட்டைகளை வெட்ட வேண்டும்.